மிஸிஸ் ஹில்லின் கணவருக்கு நான் போட்ட மாலை

செவ்வந்தியை நகத்தால் கிள்ளும்போது விரலில் ஏறும் கசப்பு மணம் இலேசில் போகாது; இரண்டு முறை சவர்க்காரம் போட்டாலும் அது கையை விடாது. ஒன்பது வயதில், லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கிருந்த வீட்டின் பின்வளவில், வீட்டுக்காரி மிஸிஸ் ஹில் வளர்த்த செவ்வந்திகளை ஒன்றுவிடாமல் கிள்ளி, அம்மாவின் தையல் நூலில் கோத்து, கீழ் அறையில் தொங்கிய அவருடைய கணவரின் படத்துக்கு மாலை போட்டவன் நான். குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. இதுவரை ஒருமுறையும் குறைந்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடியில் இரண்டு அறை எங்களுக்கு, கீழ்வீடு அவருக்கு. படத்தில் விமானப்படைத் தொப்பியைச் சரித்துப் போட்டபடி, காது சற்றுப் பெரிய ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டிருப்பார். கனடாக்காரர், இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினவர், ஜெர்மனிக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். எங்கள் ஊரில் அப்படியான படத்துக்கு மாலையும் ஒரு சிவப்பு மின்குமிழும் இருக்கும். முப்பது வருடமாக ஒரு பூக்கூட வைக்காத மனைவியா என்று அந்த மனிதருக்காக நான் ரோசப்பட்டேன். சந்தனப்பொட்டும் வைத்தேன், அவசரத்தில் அது நெற்றியை விட்டுத் தொப்பியில் பட்டுவிட்டது.

கடையிலிருந்து வந்த மிஸிஸ் ஹில் படத்துக்கு முன்னால் நின்றார். கத்துவார் என்று காத்திருந்தேன். "அவர் செத்துவிட்டார் என்று உனக்கு யார் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார், அவ்வளவுதான்.

விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறந்திருக்கக்கூடும் என்று வந்த கடிதத்தை அவர் நம்பவில்லை. மறுகல்யாணம் செய்யாமல், கணவர் தேடி வந்தால் விலாசம் பிழைத்துவிடக்கூடாதென்று வீட்டையும் மாற்றாமல் இருந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த நேரத்தில் தெரிந்த ஒரே விஷயம், கக்கூஸ் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு என்பது. இங்கிலாந்தில் பிள்ளைகளைத் தூக்கில் போடுவார்களா என்று யோசித்து, என் கண்ணாடி மாபிள்களை யாருக்குக் கொடுப்பதென்றும் உள்ளேயிருந்தே தீர்மானித்தேன்.

"வெளிய வாடா மூதேவி! அந்த மனிசியை இண்டைக்கெல்லோ விதவையாக்கிப்போட்டாய்!" என்று அம்மா கதவைத் தட்டினார்.

"பெட்டியளைக் கட்டு. எங்களுக்கு இஞ்சை ஒரு வீடு எடுக்கிறதே பெரிய பாடு. உன்ரை மோன் மாலை போட்டு எங்களை அனுப்பிவைச்சிட்டான்" என்றார் அப்பா.

இரண்டு நாள் கீழே ஒரு சத்தமும் இல்லை. மாலையை எடுக்கப் போக எங்களுக்குத் துணிவில்லை, அவரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மிஸிஸ் ஹில் படியேறி வந்து, கதிரையின் நுனியில் இருந்து, "இதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளன் குற்றவாளியேதான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு கேள். எட்டாம் நாள் அதைச் சமைச்சுப் படைக்கிறது" என்றார் அம்மா.

மிஸிஸ் ஹில் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். பிறகு வேறெதையோ சொல்லிக்கொண்டு போனார். கணவர் கோதுமை வயலில் பிறந்தவராம். யுத்தத்துக்கு வரும் வழியில்தான் கடலையே முதலில் கண்டவராம். லண்டன் வீடுகள் வானத்தை மறைக்கின்றன என்று முறைப்பாடு சொல்வாராம். விமானத்தில் இருந்த ஏழு பேரில் மூத்தவர் என்பதால் மற்றவர்கள் அவரை 'தாத்தா' என்று கூப்பிட்டார்களாம். தாத்தாவுக்கு வயது இருபத்திரண்டு. விடுமுறைகளை எல்லாம் சேர்த்தால் அவரும் மிஸிஸ் ஹில்லும் ஒன்றாக வாழ்ந்தது பதினொரு நாள். அது ரேஷன் காலம். சாப்பாட்டுக் கோப்பையில் எது இருந்ததோ அதைத்தான் சாப்பிட்டார்கள்.

"அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார். இன்னொரு முறையும் அதையே சொன்னார். பிறகு, முப்பது வருடம் அழாததையெல்லாம் அழுதார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

"பொத்தடா வாயை" என்றார் அம்மா, மிஸிஸ் ஹில்லின் கையைப் பிடித்தபடி.

எட்டாம் நாள் அம்மா தனக்குத் தெரிந்ததைச் சமைத்தார்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம். மிஸிஸ் ஹில் கரண்டியால் சாப்பிட்டார். உறைப்பில் மூக்கு ஓடியது, கண் ஓடியது. எது எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டை நாலு பிளாட்டாகப் பிரித்திருக்கிறார்கள். பின்வளவில் கார் நிற்கிறது. மிஸிஸ் ஹில் போய்ச் சேர்ந்தபின் தூரத்துச் சொந்தம் யாரோ வந்து வீட்டைத் துப்புரவாக்கினார்கள். படம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த விமானியின் சிரிப்பை ஞாபகம் வைத்திருக்க இன்று உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சமோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. மறதிக்குப் பேர்போனவன் நான்.

இது 2009. என் மனைவியின் தம்பி வன்னியில் வாத்தியார். வைகாசியில், அங்கே யுத்தம் முடிகிற நேரம், அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, பாதியில் அறுந்தது, அதற்குப் பிறகு இல்லை. அகதி முகாம்களின் பெயர்ப்பட்டியல்களில் தேடினோம். லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்று கத்தினோம். போன கிழமை இல்ஃபோர்டில் எங்கள் வீட்டில், கோயில் தேருக்கென்று சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள். சாவு நடந்த வீட்டுக்காரர் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அதுதான் எங்கள் 'துடக்கு'.

"இஞ்சை பாருங்கோ, நாங்கள் தேருக்குப் போறதோ, துடக்குக் காக்கிறதோ?" என்று கேட்டாள். "நீங்கள் ஒண்டைச் சொல்லுங்கோ."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். "காரை வடிவாப் பூட்டினனானோ தெரியேல்லை, பாத்திட்டு வாறன்" என்று சொல்லி இறங்கி, பூட்டிய காரைத் திறந்து அதற்குள் ஒரு மணித்தியாலம் இருந்தேன். திரும்பி வந்தபோது சேலை கதிரையில் கிடந்தது. அவள் அதைக் கட்டவுமில்லை, மடித்து வைக்கவுமில்லை.