பத்துத் தொழிலுக்கு ஒரே ரோடு

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. நாலைந்து பேர் போன் செய்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஒருவர் மட்டும், "ஒரு வாரம் நிம்மதியா இருந்துச்சு மேடம்" என்றார். அவருக்காகவே இந்த வாரம் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான் – கொல்லிமலைக்குப் போனோம். மாட்டிக்கொண்டோம்.

அழைத்தவர் செல்வம். வாசலூர்பட்டிக்காரர். வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் முகாமுக்குப் பல வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அங்கே லாரிக்குள் உட்கார்ந்து போனில் இந்தப் பத்தியைப் படிப்பாராம். எனக்குக் கடல் கடந்த வாசகர்கள் உண்டு என்று நான் பீற்றிக்கொள்வதெல்லாம் இவர் ஒருவரை வைத்துத்தான்.

அந்த நாட்டில் தோண்டினால் எண்ணெய், எண்ணெயை விற்றால் எல்லாம். அப்படி இருக்கையில் ஒரு நாள் அந்த ஊர் அரசருக்குக் கவலை வந்துவிட்டது. எண்ணெய் ஒன்றையே எத்தனை நாளைக்கு நம்புவது? ஓட்டல் கட்டினார்கள். தொழிற்சாலை கட்டினார்கள். மணல்மேட்டில் சுற்றுலாக் கூடாரம் போட்டார்கள். எண்ணெய்ப் பக்கம் ஆளைக் குறைத்தார்கள். முதலில் சில மாதம் சம்பளம் நின்றது, அப்புறம் வேலையே நின்றது.

"நாடு முன்னேறிடுச்சுங்க மேடம். நான் ஊடு வந்து சேந்துட்டேன்" என்றார் செல்வம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேலையைப் பறித்த பாடத்தையே கையோடு கொண்டுவந்துவிட்டார் மனுஷன். வெறும் மிளகை நம்பி இருக்கக் கூடாது, பல தொழில் வேண்டும் என்று முடிவு கட்டி, வீட்டு வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் காட்டினார். ஹோம் ஸ்டே, டென்ட், கேம்ப் ஃபயர், ஜீப் சவாரி, மலைத்தேன், மிளகு, பலாப்பழ சிப்ஸ், சாமை தோசை, பார்பிக்யூ சிக்கன். கடைசியில் இஞ்சி டீ.

"பத்துங்க. ஒண்ணு படுத்தா ஒம்பது நிக்கும்" என்றார்.

நானும் சும்மா இருந்தேனா? "இதுதான் செல்வம் பொருளாதாரம்! பெரிய பெரிய நாடெல்லாம் இப்பதான் யோசிக்குது" என்று ஒரு சர்டிபிகேட்டை எடுத்து நீட்டிவிட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் பறிகொடுத்து, காரிலிருந்து இறங்கவே திராணியில்லாமல் இருந்த என் வீட்டுக்காரர்கூடத் தலையை ஆட்டினார்.

பிறகு செல்வம் எங்களை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். கீழே பள்ளத்தில் ஒரு வயல். உழுது தண்ணீர் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு மூலை மட்டும் பச்சைப் பசேல் என்று நாற்று.

"இதாங்க நம்ம கார் பார்க்கிங்."

எனக்குப் புரியவில்லை. வயல்தானே தெரிகிறது?

"திங்கக்கிழமை அடிவாரத்துல இருந்து பொக்லைன் வருதுங்க. மேட்ட வெட்டிப் பள்ளத்துல போட்டு நெரவிட்டா, இருவது வண்டி தாராளமா நிக்கும். வண்டி நிக்க எடம் இல்லீன்னுதான் பாதிப் பேரு அடுத்த ஊட்டுக்குப் போயிர்றாங்க."

"அப்ப இந்த நாத்து?"

"பக்கத்துக் காட்டுக்காரங்க கேட்டாங்களாம், அவங்களுக்குப் போட்டிருக்கா ராஜி."

அவருடைய மனைவி ராஜி அப்போதுதான் டீ கொண்டுவந்தார். டம்ளர்களை வைத்த சத்தத்தில் ஒரு நீண்ட பதில் இருந்தது. கல்யாணம் ஆன யாருக்கும் அந்த பாஷை தெரியும்.

ராத்திரிச் சமையலுக்குக் கை கொடுக்கிறேன் என்று உள்ளே போனேன். ராஜி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க சொன்னா அவர் கேப்பாருங்க. அந்த வயல மூட வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எங்க ஊட்டுச் சோறு அதுல இருந்துதானுங்க."

நான் என்ன செய்தேன்? "ரெண்டு பேரும் உக்காந்து பேசணும்மா" என்றேன். சர்டிபிகேட் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படித் திருப்பி வாங்குவது? ராஜி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான் என் மரியாதை.

அன்றைக்கு ராத்திரி பிடித்தது மழை.

காலையில் சேதி வந்தது. ஏறி வருகிற ரோட்டில் ஒரு வளைவில் பாறை சரிந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் இறங்குகிற ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. பஸ் இல்லை. கரண்ட் இல்லை. சனி, ஞாயிறுக்கு ரூம் கேட்டிருந்தவர்கள் டவர் சாவதற்குள் ஒவ்வொருவராக போன் செய்து வரவில்லை என்றார்கள்.

ஹோம் ஸ்டே காலி. டென்ட் நனைந்து படுத்துவிட்டது. ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. பார்பிக்யூவுக்கு வர வேண்டிய கோழி அடிவாரத்திலேயே நிம்மதியாகத் தங்கிவிட்டது. தேன் இருக்கிறது, சிப்ஸ் இருக்கிறது – வாங்க ஆள்? மிளகை சோளக்காடு சந்தைக்குக் கொண்டுபோனாலும் வியாபாரி கீழேயிருந்து ஏறி வந்தால்தானே?

செல்வம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று படுத்தால் ஒன்பது நிற்கும் என்றார் அல்லவா? பத்தும் ஒரே நாளில் சேர்ந்து படுத்தன. பார்க்கப் போனால் பத்துத் தொழிலும் ஒரே தொழில்தான். கீழே யாரோ பெட்ரோல் போட்டுக்கொண்டு மலை ஏறி வரவேண்டும். வந்தால் பத்தும் ஓடும், வராவிட்டால் பத்தும் நிற்கும். எண்ணெயை நம்பிய நாட்டிலிருந்து கிளம்பிய மனிதர், அடுத்தவர் டேங்க்கில் இருக்கிற எண்ணெயை நம்பிக் கடை விரித்திருக்கிறார்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சர்டிபிகேட் கொடுத்தவள் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. கடையில் பால் பாக்கெட் தீர்ந்தது, காய் தீர்ந்தது. எங்களுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ராஜி வடித்த சோறு, கொல்லையில் பறித்த கீரை, பலாக்கொட்டைக் குழம்பு. என் வீட்டுக்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, "இது என்ன அரிசிம்மா?" என்றார்.

"கார் பார்க்கிங் அரிசிங்க" என்றார் ராஜி.

செல்வம் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய மகள், பள்ளிக்கூடம் போகிற குழந்தை, அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

திங்கள் காலை, ரோடு எப்போது திறக்கும் என்று விசாரிக்க செல்வம் சோளக்காட்டுக்கு நடந்தே கிளம்பினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம் – பத்துப் பதினைந்து பெண்கள் வந்து நின்றார்கள். இன்று உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மாறி மாறி ஆள் போவது அங்கே வழக்கம். ராஜி அதற்கு முந்தின வாரம் முழுக்க ஊரில் ஒவ்வொரு வயலாக நட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இவர் வயலில் பொக்லைன் இறங்கப் போகிறது என்று தெரிந்தேதான். ரோடு மூடியதும் அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

நாற்று யாருக்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதோடு அந்த ஊரில் இன்னொரு பழக்கம். நட்ட பயிர் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டையாகவே இருந்தாலும் அறுப்பு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். பச்சையை அழித்தவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்களாம். ராஜிக்கு வேண்டியது ஒரு நாள். பாறை அதைக் கொடுத்தது.

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நான் நட்ட நாற்றெல்லாம் சாய்ந்து மிதந்தது. பின்னால் வந்த அம்மா ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் பிடுங்கித் திரும்ப நட்டார். கடைசியில், "நீங்க வரப்புல உக்காந்து பேசீட்டு இருங்க கண்ணு, எங்களுக்குப் பொழுது போவும்" என்று கரை ஏற்றிவிட்டார். என் தொழில் என்ன என்று கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

முக்கால் வயல் முடிந்தபோது செல்வம் திரும்பி வந்தார். வரப்பில் அப்படியே நின்றார். பெண்கள் யாரும் நிமிரவில்லை. ராஜி மட்டும் நிமிர்ந்தார். கையில் கட்டுப் பிரிக்காத ஒரு நாற்று முடி.

"என்ன ராஜி இது? நாளைக்கு ரோடு தொறந்துருவாங்க. பொக்லைன்காரர் வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

ராஜி குரலை உயர்த்தவே இல்லை.

"உங்களுக்குச் சம்பளம் நின்னப்ப மாசம் பூரா பொழுதானா போன் பண்ணுவீங்களே, 'சாப்ட்டியா சாமி'ன்னு பாப்பாகிட்டக் கேப்பீங்களே. சாப்ட்டோமுன்னுதான் சொன்னோம். எதைச் சாப்ட்டீங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

வயலில் அத்தனை கைகளும் நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

செல்வம் வயலைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, மூலையில் மிச்சம் கிடந்த நாற்று முடிகளைத் தூக்கி வந்து பெண்களுக்கு எடுத்துப் போட ஆரம்பித்தார். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் இல்லை. முகம் உம்மென்றுதான் இருந்தது. ஆனால் கடைசி முடி தீரும் வரை கரை ஏறவில்லை.

புதன்கிழமை ரோடு திறந்தது. பொக்லைனும் வந்தது. ஓட்டி வந்தவர் பயிரை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் இஞ்சி டீ வாங்கிக் குடித்தார். "நட்டுட்டீங்களாக்கும். அப்பச் சரிங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சர்டிபிகேட் கொடுத்த எனக்குத்தான் நாலு நாள் ஆனது.

நேற்று செல்வம் போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம்.

"போர்டுல பதினொண்ணாவதா ஒண்ணு சேத்துட்டேனுங்க மேடம். வயல் காட்சி."

மனுஷன் திருந்தவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "ராஜி ஒத்துக்கிட்டாங்களா?"

"வர்றவங்க வரப்புல நின்னு பாக்கலாம், உள்ள எறங்கக் கூடாது, வண்டிய ரோட்டோரமா நிறுத்திக்கோணும்னு சொல்லீட்டாளுங்க. அப்புறம் இன்னொண்ணுங்க. அறுப்பு முடிஞ்சதும் வருசத்துக்கு நம்ம ஊட்டுக்கு வேணுங்கறதை மொதல்ல எடுத்து வெச்சரணுமாம். மிச்சம் இருந்தாத்தான் வெளியாளுக்குன்னா. எனக்கும் அதுதான் சரீன்னு படுதுங்க."

இதையே ராஜி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, திரையில் நாலு படம் காட்டிச் சொல்லியிருந்தால், அந்த வளைகுடா அரசர் விமான டிக்கெட் அனுப்பி அழைத்திருப்பார்.