ஓகே வாங்கிய வீட்டுக்கணக்கு

சமியுல்லா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடி கனத்தில் பிழை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அந்தப் பேரைக் கம்பெனி பஸ்ஸில் அதிகம் பரப்பியவர் சமியுல்லாதான்.

கம்பெனிக்கு அந்தப் பேர்மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமரா மிஷினை இறக்கியது. நிமிஷத்துக்கு நாற்பது பீஸ் பார்க்கும், டீ கேட்காது, லீவு கேட்காது. அது தேறியது என்று சொன்ன பீஸ்களின்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் இப்போது சமியுல்லாவின் உத்தியோகம். பதவிப் பேரை மட்டும் கம்பெனி பெருந்தன்மையாக அவரிடமே விட்டுவைத்திருந்தது. வீட்டில் அவர் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. சட்டைக் கையில் ஒட்டிய ஒன்றிரண்டு ஸ்டிக்கர் மட்டும் அவ்வப்போது வீடுவரை வந்தன.

இன்ஸ்பெக்ஷன் செய்தே பழகிய மனுஷன் சும்மா இருப்பாரா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் மஹீனின் கணக்கு நோட்டு அகப்பட்டது.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். நாலரைக்கு மஹீன் வந்ததும் வேலை தொடங்கிவிடும். கம்பெனியில் முதல் பீஸ் அப்ரூவல் என்று ஒன்று உண்டு. காலையில் ஓடுகிற முதல் பீஸை இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகே சொன்னால்தான் மிஷினை மேற்கொண்டு ஓட்டலாம். அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டில் அமல்படுத்தினார். மஹீன் ரஃப் நோட்டில் பென்சிலால் கணக்குப் போட வேண்டும். அத்தா பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் நல்ல நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். ஓகே ஆகாததை ரப்பரால் சுத்தமாக அழித்துவிட வேண்டும். ரிஜெக்ட் ஆன சரக்கு நல்ல சரக்குக்குப் பக்கத்தில் கிடக்கக் கூடாதல்லவா.

ஏற்பாட்டில் ஒரே ஒரு சிறு குறைதான் இருந்தது. சமியுல்லாவுக்குக் கணக்கு வராது.

ஒருநாள் வந்த கணக்கு இது. பதினைந்து தொழிலாளர்கள் ஒரு வேலையை எட்டு நாளில் முடிக்கிறார்கள். ஐந்து பேர் விலகிவிட்டால் மீதிப் பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? மஹீன் பன்னிரண்டு நாள் என்று போட்டிருந்தாள். சமியுல்லா சிரித்தேவிட்டார்.

“பன்னண்டா? எந்தக் கம்பெனியில கண்ணு உனக்குப் பன்னண்டு நாள் குடுப்பாங்க? அஞ்சு பேர் போனா மிச்சம் பத்துப் பேரு ஞாயித்துக்கிழமையும் வரணும். அதே எட்டு நாள்தான். டேட்டு மாறவே மாறாது.”

“புக்குல அப்படி இல்லைங்க அத்தா…”

“புக்கு எழுதினவரு ஷிப்டுக்குப் போயிருக்க மாட்டாரு. அழிச்சிட்டு எட்டுன்னு போடு.”

மஹீன் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு எட்டு என்று போட்டாள். முப்பத்துமூன்றே ஒன்றின் கீழ் மூன்று சதவீதம் என்று வந்த இன்னொரு விடையை, “இம்மாத்துண்டு பின்னம் எல்லாம் டாலரன்ஸ்ல, கம்பெனி விட்டுக்குடுக்கற அளவுல, போயிரும்” என்று முப்பத்துமூன்றாக்கி ஓகே செய்தார். அவருடைய மனைவி மெஹ்னாஸ் அடுப்படியிலிருந்து, “பொண்ணு போடறத போட உடுங்களேன்” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். தயாரிப்புப் பிரிவு தரக் கட்டுப்பாட்டில் தலையிடக் கூடாது என்று பதில் வந்தது. தயாரிப்புப் பிரிவு கருவேப்பிலையைத் தாளிக்கப் போய்விட்டது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் சமியுல்லா வேறு ஆளாக இருந்தார். முதுகு நிமிர்ந்திருக்கும், குரலில் ஒரு கனம் இருக்கும். மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டு சின்னராஜிடம், “நேத்து கூட்டு மாறல் பாடம் பூரா முடிச்சிட்டேன்” என்று ஐ.ஐ.டி. பேராசிரியர் மாதிரி அலுத்துக்கொள்வார். திருத்தி வரும் நோட்டை மட்டும் அவர் பார்த்ததில்லை. சரக்கு லாரி ஏறிவிட்டால் இன்ஸ்பெக்டரின் பொறுப்பு முடிந்தது. கம்ப்ளெயின்டைக் கவனிக்க வேறு டிபார்ட்மென்ட் இருக்கிறது.

கம்ப்ளெயின்ட் நவம்பரில் வந்தது. பெற்றோர் ஒருவர் நேரில் வர வேண்டும் என்று கணக்கு டீச்சர் ஜெயப்ரியா சொல்லி அனுப்பியிருந்தார். மகளின் கணக்கறிவை மெச்சத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சமியுல்லா இஸ்திரி போட்ட சட்டையில் போனார். வராந்தாவில் சின்னராஜும் தன் மகளோடு பெஞ்சில் காத்திருந்தார். பார்வையாளர் இல்லாமல் பாராட்டு எதற்கு என்று சமியுல்லாவுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று.

டீச்சர் மஹீனையும் ஓரமாக நிறுத்திவிட்டு மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று காலாண்டுப் பரீட்சைத் தாள், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இன்னொன்று வீட்டுக்கணக்கு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பெருக்கல் குறி.

“நீங்களே பாருங்க சார். பரீட்சையில பன்னண்டு நாள்னு கரெக்டா போட்டிருக்கு. அதே கணக்கு வீட்டு நோட்டுல எட்டு நாள். வீட்ல தப்பு, பரீட்சையில சரி. பக்கத்துப் பொண்ணப் பாத்து எழுதாம இப்படி வருங்களா? உதவித்தொகைப் பரீட்சைக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறோம். பத்துப் பேருதான். காப்பி அடிக்கற பொண்ண அதுல எப்படி வெச்சிக்கறது? பேர எடுத்துரலாம்னு இருக்கேன்.”

முதலில் சமியுல்லாவுக்கு டீச்சர்மேல்தான் கோபம் வந்தது. எட்டு நாளுக்குத் தப்புப் போட இவர் யார்? நோட்டை இழுத்துப் புரட்டினார். சிவப்பு விழுந்த ஒவ்வொரு கணக்கும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றுகூட மஹீனுடையது இல்லை. எல்லாம் அவர் அழிக்கச் சொல்லி எழுதவைத்தது. டிக் வாங்கிய ஒன்பது கணக்குகள் அவர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளில் போட்டவை.

“வீட்ல யாராவது கணக்குச் சொல்லிக் குடுக்கறாங்களா மஹீன்?” என்றார் டீச்சர்.

“யாருமில்லைங்க மிஸ்” என்றாள் மஹீன். தரையைப் பார்த்துக்கொண்டு, யோசிக்காமல், பட்டென்று சொன்னாள்.

திருட்டுப்பட்டத்தைக் கட்டிக்கொள்ளத் தயாராக நிற்கிறாள், அத்தாவைக் காட்டிக்கொடுக்கமாட்டாளாம். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் சின்னராஜின் காதும் திறந்தே இருந்தது. இங்கே வாயைத் திறந்தால் நாளைக் காலை ஆறு மணிக்குள் பஸ் முழுக்கச் சங்கதி போய்விடும். திறக்காவிட்டால் மகளின் பேர் போய்விடும். பத்தொன்பது வருஷ கௌரவம் பாருங்கள், அவ்வளவு சுலபமாக எழுந்து வழிவிடுமா? முழுதாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

“நான்தாங்க மிஸ். பொண்ணு சரியாத்தான் போடும். நான்தான் அழிக்கச் சொல்லித் தப்பா எழுத வெப்பேன்.”

டீச்சர் நம்பவில்லை. “பெத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க. போன வாரம் ஒருத்தரு பிட்டு நான்தான் எழுதிக் குடுத்தேன்னாரு, அவருக்குக் கையெழுத்தே வராது.”

“அப்ப எனக்கு ஒரு கணக்குக் குடுங்க. போட்டுக் காட்டறேன்.”

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். ஒரு இயந்திரம் ஒரு வேலையை ஆறு மணி நேரத்தில் முடிக்கும், இன்னொன்று அதே வேலையை மூன்று மணி நேரத்தில் முடிக்கும். இரண்டும் சேர்ந்து செய்தால் எத்தனை மணி நேரம்?

சமியுல்லா வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கலாம். அதற்குக்கூடச் சரியான விடை எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமே. தப்பாக வர வேண்டும் என்று அல்லாவை வேண்டிக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு சரியாகவே போட்டார். வேர்க்க வேர்க்கப் பத்து நிமிஷம் போட்டார். ஆறு மணி நேரம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

“எப்படிங்க ஆறு? ஒரு மிஷின் தனியாவே மூணு மணியில முடிச்சிருதே. ரெண்டாவது சேந்தா நேரம் கூடுமா?”

“லைன்ல மெதுவான மிஷின் எதுவோ அதாங்க கணக்கு” என்றார் சமியுல்லா, இப்போதும் விட்டுக்கொடுக்காமல். “இது எவ்ளோ வேகமா ஓட்டினாலும் அதுகிட்டப் போயி பீஸ் நிக்குமுல்லைங்க?”

டீச்சர் நோட்டைப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் அதே மாதிரிக் கணக்கு, மஹீனின் அழகான கையெழுத்தில், மெதுவான மிஷினின் நேரமே விடையாக இருந்தது. பிறகு மஹீனை அழைத்து அதே தாளைக் கொடுத்தார். அவள் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டாள். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வராந்தாவில் சின்னராஜ் அடக்க முயலவே இல்லை.

“சனிக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துரு மஹீன். ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேன். சார், நீங்க இனிமே நோட்டுல கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்.”

வாழ்க்கையில் முதல்முறையாக ரிஜெக்ட் ஆனதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு சமியுல்லா வெளியே வந்தார். வண்டி நிறுத்தியிருந்த வேப்பமரத்தடிக்கு வந்ததும் மகள் பக்கம் திரும்பினார்.

“நான் சொன்னது தப்புன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா கண்ணு?”

“தெரியும் அத்தா.”

“அப்பறம் எதுக்கு அழிச்சி அழிச்சி எழுதுன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

மஹீன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “எனக்குப் பரீட்சை இருக்குது, அதுல சரியாப் போட்டுக்குவேன். உங்களுக்கு வீட்டுக்கணக்கு மட்டுந்தானே இருக்குது.”

பள்ளிக்கூட வாசலில் நின்று அழுகிற பழக்கம் இன்ஸ்பெக்டர்களுக்குக் கிடையாது. அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, குனிந்து ரொம்ப நேரம் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார். அது பட்டனைத் தொட்டாலே கிளம்புகிற வண்டி. மஹீனுக்கும் அது தெரியும். அவர் உதைத்து முடிக்கிறவரை அவள் பக்கத்தில் நின்றாள்.