ஆயில் சூடாகட்டும்

நான் கார் ஓட்டிய பண்ணையாருக்கு வலங்கைமான் பக்கம் நிலம். ஆட்சி மாறியதும் கரை வேட்டிக்கு மாறினார். சென்னையில் பந்தயத்தில் ஓடிய கார் ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீர்ச் சூட்டைக் காட்ட ஒரு முள், ஆயில் சூட்டைக் காட்ட ஒரு முள். தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலும் ஆயில் நூறிலும் நின்றால் நல்லது, ஆயில் எண்பதைத் தாண்டும்வரை வேகம் கூடாது என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும். மிதித்தால் உள்ளே தேய்ந்துவிடும். நியாயமான பேச்சுதான்.

அறுவடையின்போது எங்கள் ஊர் ஆட்கள் கூடுதல் கூலி கேட்டு வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். ஊரே காரை மறித்தது. வெகுநேரம் வரப்போரம் நின்ற கார், இரண்டு முள்ளும் அடியில் கிடந்தன.

"மிதிடா! என்னடா பாக்குற?" என்று கத்தினார். மிதித்தேன்; கூட்டம் விலகி ஓடியது. அன்று அவர் முள்ளைப் பார்க்கவில்லை.

அதே வாரம், மறித்தவர்களில் ஒருவரைப் பாம்பு கடித்தது. கயிற்றுக்கட்டிலில் தூக்கி வந்து பங்களா வாசலில் இறக்கினார்கள். தேர்தல் நேரம், மறுக்க முடியவில்லை. பண்ணையார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பின்சீட்டில் அந்த ஆளின் மனைவி, அவர் தலையை மடியில் வைத்திருந்தார். வாயோரம் நுரை.

"மெதுவா போ. ஆயில் சூடாகட்டும்" என்றார் பண்ணையார்.

தண்ணீர் முள் தொண்ணூறுக்கு வந்துவிட்டது. ஆயில் ஐம்பதில் கிடந்தது. எங்களை ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார்.

"அண்ணே, கண்ணு சொருகுதுண்ணே. இதுக்கு மாட்டுவண்டியே கட்டியிருக்கலாம்" என்றார் அந்த அம்மாள்.

எதிர்த்துப் பேசிப் பழகாதவன் நான். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

"டேய், இன்ஜின் போயிடும்டா!" என்று பண்ணையார் என் தோளில் குத்தினார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி வரை குத்திக்கொண்டே வந்தார். அந்த ஆளை உள்ளே தூக்கிப் போனபோது, பண்ணையார் பானெட்டைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். பிழைப்பாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆள் பிழைத்தார். தேர்தல் கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஏழையின் உயிருக்காக என் காரைப் பறக்கவிட்டேன்" என்று பண்ணையார் மைக்கில் முழங்கினார். கைதட்டல்.

பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்: "என்னண்ணே, இன்னிக்கு ஐயாவுக்கு ஆயில் நல்லா சூடாயிடுச்சு போலருக்கே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் சாவியை மேடைப் படியில் வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரம் போய்க் காறித் துப்பினேன்.