பாதம் விழாத படம்

இது நடந்தது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து மெமரி கார்டைப் பார்க்கலாம். அழிக்கவில்லை. அழிக்கப் பயம்.

கொல்கத்தாவில் எங்கள் கல்லூரிப் புகைப்படக் கண்காட்சி. உழைப்பாளிகள் படத்துக்கு ஒரே ஓர் இடம். என் வகுப்புத் தோழன் சாத்யகியின் படத்துக்கு ஏற்கெனவே ஆணி அடித்தாகிவிட்டது. பூச்சந்தைக் கூலி ஒருவன், தலையில் செவ்வந்திக் கூடை, வெள்ளைப் பனியனின் சுருக்கம்கூடத் தெரிகிறது. உச்சி முதல் பாதம் வரை அப்படியே படத்தில் விழுந்திருந்தான். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் படத்துல பனியனெல்லாம் வெளுத்துக்கெடக்குடா. வெளிச்சத்தக் கொறை. கணுக்கால்ல வெட்டாத. ஒழைக்கிறவனுக்குப் பாதம் வேணாமா?" என்றான் சாத்யகி, என் சமோசாவைத் தின்றுகொண்டே.

படம் கொடுக்கக் கடைசி நாள்; சாத்யகியுடையதை மிஞ்சினால் இடம் எனக்கு. காலை 5.10. ஆற்றங்கரைப் பூச்சந்தையில் நின்றேன். எனக்குப் பின்னால் ரயில் பாதை. தண்டவாளத்திலும் பூ விற்பார்கள்; ரயில் வந்தால் சுருட்டிக்கொள்வார்கள்.

5.31. வந்தான். சாத்யகி படத்துக் கூலியேதான்!

வெளிச்சத்தைக் குறைத்தேன். க்ளிக். பனியன் பிரமாதம். பாதம் இல்லை.

ஓரடி பின்னால் போனேன். க்ளிக். கணுக்காலில் வெட்டு.

மற்ற கூலிகள் "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். இவன் கத்தவில்லை. யாரும் இவனுக்கு வழி விடவும் இல்லை...

இன்னும் ஓரடி. க்ளிக். வெட்டு.

திரையைப் பார்த்தேன். பதினொரு படம். அவனுக்குப் பின்னாலிருந்த கடைகள் சிறுத்துக்கொண்டே போயின. அவன் மட்டும் சிறுக்கவில்லை...

நியாயமாக ஓடியிருக்க வேண்டும். 'சாத்யகிக்கு மட்டும் பாதத்தைக் காட்டினாயே!' என்று வயிறுதான் எரிந்தது.

இன்னும் ஓரடி...

5.42.

ஹாரன்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்தேன். ரயில் தடதடவென்று செருப்பை உரசிப் போனது.

பூ விற்கும் பேலா மாஷி, எங்களுக்கெல்லாம் சித்தி மாதிரி. "பொடனியிலயா கண்ணு இருக்கு, கழுதை? யாரப் பாத்துப் பின்னாலயே போற?"

"அந்தக் கூலிய, மாஷி..."

"எந்தக் கூலி? அங்க எவனும் இல்லியே." மாஷி என் கேமராவைத் தட்டிக் காட்டினாள். "போன மழைக்கு ஒரு தம்பி இப்படித்தான் கேமராவோட போனான். என் கை எட்டல."

மதியம் சாத்யகியைப் பிடித்தேன். "பாதம் உனக்கு மட்டும் எப்படிடா விழுந்துச்சு?"

முதன்முறையாக அவன் கிண்டல் செய்யவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத. அது நான் எடுத்ததில்ல. பழைய கேமரா வாங்கினேன்ல... கார்டு உள்ளயே இருந்துச்சு."

அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு படங்கள். பதினொன்றில் கணுக்காலோடு வெட்டு.

பன்னிரண்டாவதில் பாதம் விழுந்திருந்தது. நேரம் 5.42.

அதற்குப் பிறகு கார்டில் எதுவும் இல்லை.