ஒற்றைக் கதவில் அடங்கும் மெஷின்

ஏற்காட்டில் வீட்டுக்கு ஏ.சி. வாங்குகிறவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசினார்கள். "ஏனுங்க சார், அடுத்த வருசம் ஐஸ் பொட்டிக்குள்ள கட்டில் போடுவீங்களா?" என்று கேட்ட டீக்கடைக்காரருக்கு நான் பதில் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன். எழுத்து மூலம் கேட்டால்தான் என்னிடமிருந்து பதில் வரும்.

காரணம் வெயில் அல்ல, காப்பிப் பூ. கோடையில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகிவிடும். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மூச்சை இழுத்து இழுத்து அனுபவிப்பார்கள். என் மனைவிக்கு அந்த மூச்சுதான் உள்ளே போகாது. எண்பதுகளின் கடைசியில், நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம், இளைப்பு அவளைப் படுக்கையோடு முடக்கிவிட்டது. சேலத்து டாக்டர் இரண்டே வழி சொன்னார். பூவெல்லாம் ஓயும்வரை ஜன்னலை அடைத்து, காற்றை வடிகட்டும் ஏ.சி. ஒன்றைப் போட்டு அந்த அறையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலையை விட்டு இறங்க வேண்டும்.

"கீழ வேண்டாமுங்க" என்றாள். அவளால் அந்த ஜன்னலை விட்டு வர முடியாது.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சுகாதார நர்ஸாக இருந்தவள். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கமெல்லாம் இருபது வருடத்துக்கு மேல் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவள். அந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டு ஜன்னலுக்குத்தான் வருவார்கள். "நர்சம்மா!" என்று ஒரு குரல். கம்பி வழியாக அவள் கை வெளியே போகும். குழந்தையின் நெற்றியைத் தொடும், கழுத்தைத் தடவும். "காச்சல் இல்ல சாமி, பல்லு மொளைக்குது" என்பாள். படுத்த பிறகும் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடச் சொல்லி, படுத்தபடியே அதைச் செய்தாள்.

அவர்கள் ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று கேட்கலாம். வாசலில் ஒரு போர்டு இருந்தது. "மனுக்கள் அலுவலகத்தில் மட்டுமே பெறப்படும். வீட்டிற்கு வருவதைத் தவிர்க்கவும்." நான் பதவியில் இருந்தபோது, வீடு தேடி வந்து காலில் விழுகிறவர்களைத் தவிர்க்க எழுதி மாட்டியது. விதிப்படி சரியான போர்டு. ஓய்வு பெற்ற பிறகும் தொங்கியது. திருகாணி துருப்பிடித்திருந்தது, ஆசாரி வரும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஏ.சி. வாங்க சேலத்துக்கு மூன்று தடவை இறங்கினேன். மூன்று கடையில் விவரம் வாங்கினேன். ஒரு கடையில் புதிதாக வந்த சின்ன மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். வழக்கமான ஜன்னல் ஏ.சி.யில் பாதி அகலம்தான். இரண்டு கதவு ஜன்னலில் ஒரு கதவு இடத்திலேயே அடங்கிவிடும். மற்ற பாதிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஒரே ஆள் தூக்கலாம். சத்தம் மின்விசிறி அளவுதான். எங்கள் மலையின் அழுகிற வோல்ட்டேஜுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். கோடு போட்ட தாள், சிவப்பு மசியில் தலைப்புகள்: குளிர்விக்கும் திறன், வடிகட்டியின் பரப்பு, மின்சாரம், உதிரிப் பாகம், முன் உபயோகிப்பாளர் சான்று, சத்தம். கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டில் அவள்தான் என் உயர் அதிகாரி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் தந்ததில்லை.

"ஏனுங்க, அந்தச் சின்னது வெச்சா பாதி ஜன்னல் மிச்சமாகுமுங்களா?"

"ஆகும். ஆனா திறக்க முடியாது. கண்ணாடிதான்."

"கண்ணாடியில மூஞ்சியாவது தெரியுமில்லீங்க."

"மூஞ்சி பார்க்கவா டாக்டர் சொன்னார்? மூச்சு விடத்தான் சொன்னார்."

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது. இருமல் அடங்கியதும், "அப்பிடீன்னா வாசல்ல இருக்கிற போர்டையாவது கழட்டுங்க" என்றாள். ஆசாரி வரட்டும் என்றேன்.

பெரிய மெஷினையே வாங்கினேன். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை எங்கள் அலுவலகத்தில் புது மாதிரி நகலெடுக்கும் மெஷின் ஒன்றை, வந்த முதல் வருடமே வாங்கிவிட்டு, உதிரிப் பாகம் கிடைக்காமல் அதன் மேல் துணி போர்த்திப் பூத்தொட்டி வைத்திருந்தோம். அதற்கு விளக்கம் எழுதியவன் நான். அதிலிருந்து, இரண்டு கோடையாவது பிறர் உபயோகித்துப் பார்க்காத எதையும் வாங்குவதில்லை என்பது என் சொந்த விதி. புது மெஷினுக்கு முன் உபயோகிப்பாளர் சான்று என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். சத்தம் என்ற கட்டத்துக்குக் கடைசி இடம். பாதி ஜன்னலுக்குக் கட்டமே இல்லை.

பெரிய மெஷின் ஜன்னலை முழுக்க எடுத்துக்கொண்டது. கம்பியை அறுத்து, இரும்புச் சட்டம் அடித்து, மிச்ச இடைவெளியைப் பலகையால் அடைத்தார்கள். ஓடத் தொடங்கியதும் அறை அதிர்ந்தது. நேரில் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஆனால் அன்று அவள் மூச்சுக்காக நிமிர்ந்து உட்காராமல் தூங்கினாள். என் பட்டியல் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

பஸ் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். தலையைத் திருப்பி, ஜன்னல் இருந்த இடத்தைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"இன்னிக்கும் யாரும் வரலீங்களா?"

"வேலை இருக்கும். வருவாங்க."

"நொம்ப நாளாச்சுங்க."

நான் வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பவன். யாரும் வரவில்லை என்பதற்கு நானே சாட்சி. பஸ் வரும் நேரத்தில் வீட்டின் பக்கவாட்டை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேறாகியிருந்தது. ஒரு நாள் அந்தச் சேற்றில் வாழை இலைப் பொட்டலம் ஒன்று நனைந்து கிடந்தது. சுற்றுலா வந்தவர்களின் குப்பை என்று திட்டிக்கொண்டே, வேலைக்கு வரும் அம்மாவைக் கூட்டச் சொன்னேன். இன்னொரு நாள் இரும்புச் சட்டத்தில் ஒரு மஞ்சள் பை தொங்கியது, உள்ளே பலாச்சுளை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று கூட்டுகிற அம்மாவிடமே கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. வாசனை ஆகாதே.

சில வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். உடம்பு தேறுகிறது, மனம் அமைதியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அவள் போய்விட்டாள். மூச்சு அல்ல, இருதயம். கடைசிவரை மெஷின் ஒரு குறையும் வைக்கவில்லை. பம்பாயிலிருந்து மகன் வர மறுநாள் ஆகும் என்பதால் அவளை அந்த அறையிலேயே கிடத்தினோம். "நல்லவேளை, பெரிசா வாங்கினீங்க" என்றார் உறவினர் ஒருவர். பட்டியலில் நான் சேர்க்காமல் விட்ட இன்னொரு தகுதி.

மறுநாள் பஸ்ஸில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். வாசலுக்கு யாரும் வரவில்லை. நான் வெளியே போய்ப் பார்த்தபோது வீட்டின் பக்கவாட்டில், அந்தச் சேற்றில், மெஷினுக்குக் கீழே நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற மாரமங்கலத்துப் பெண்ணை எனக்குத் தெரியும். அவளுடைய நான்கு பிள்ளைகளும் என் மனைவியின் கையில் பிறந்தவை.

"உள்ள வாம்மா" என்றேன்.

"போர்டு இருக்குதுங்களே சார்."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

"பஸ்ஸுக்கு வந்தப்பல்லாம் இங்கதான் நின்னு கூப்பிட்டமுங்க. இந்தச் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கலீங்க. பலாப்பழம் சாப்பிட்டாங்களா சார்? பையை மாட்டிட்டுப் போனமே."

சட்டத்தில் அந்த மஞ்சள் பை தொங்கிய இடத்தைப் பார்த்தேன்.

"எங்களைக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டாள்."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"உங்களுக்கு வேலை இருக்கும்னு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. "காப்பிப்பழம் பறிச்சு முடிஞ்சு எத்தனை மாசமாச்சு. எங்களுக்கு என்ன வேலைங்க சார்" என்றாள். முப்பத்து மூன்று வருடம் இந்த மலையில் இருந்த எனக்கு அது தெரியாததல்ல.

"எல்லாரும் வாங்க. போர்டைப் பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். மனைவியின் முகம் ஜன்னல் பக்கமே சாய்ந்திருந்தது. மெஷினின் குமிழைத் திருகி நிறுத்தினேன். இரண்டு தடவை குலுங்கி அடங்கியது. அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் அழுகிறார்கள் என்று கேட்டது.