எண்ணூறு மீட்டரில் நான் போட்ட சத்தம்

என் மகள் வாயைத் திறந்தால் "சிக்கு சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். சிக்கு என்றால் மலாயில் வாத்தியார்; அவள் சொல்வது அவளுடைய பள்ளி ஆசிரியரை. பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். சீக்கிரம் தூங்கணும், சிக்கு சொன்னாரு. காலையில் தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக் வேண்டாம், சிக்கு சொன்னாரு. இத்தனை வருடமாக அவளுக்கு நாசி லெமாக் வாங்கி வந்தவன் நான்.

கோத்தா திங்கியில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, வீட்டுக்குப் பின்னால் இரண்டு கம்பு நட்டு, பழைய மெத்தையைப் போட்டு, உயரம் தாண்டப் பழக்கியது நான்தான். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்த மனிதர் அவளை ஏழு போட்டிகளில் இறக்கிவிட்டார். தடை ஓட்டம், குண்டு எறிதல், ஈட்டி என்று இரண்டு நாளில் ஏழு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. மொத்தத்தில் அதிகம் எடுத்தவளுக்குத் தங்கம். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. யார் முதலில் வந்தது என்று பார்க்க மட்டும் தெரியும்.

மாநிலப் போட்டிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் அவள் வேலியோரம் நின்ற அவரிடம் ஓடினாள். அவர் காற்றில் கையால் ஏதோ வரைந்து காட்டினார், அவள் தலையாட்டினாள். நான் மேல்படியில் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முறை என்னைப் பார்த்து, "அண்ணே, மாரி சினி லா" என்று கீழே கூப்பிட்டார். மலாய்க்காரர், என்னைவிட இளையவர். இங்கேயே இருக்கிறேன் என்று கையைக் காட்டினேன். பாதி கூச்சம். மீதி, அவர் பக்கத்தில் போய் நிற்கப் பிடிக்கவில்லை.

கடைசிப் போட்டி எண்ணூறு மீட்டர். மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி முன்னால் பறந்தாள். என் மகள் நான்காவதாக, அவசரமே இல்லாமல் ஓடினாள். வேலை வாங்கும் மண்டோரிடம்கூடச் சத்தமாகப் பேசாத நான், படியிறங்கி வேலிக்கு ஓடினேன்.

"முந்தும்மா! மஞ்ச சட்டைய முந்து!"

என்னைக் கடந்து போனாள். திரும்பவில்லை. நான்காவதாகவே முடித்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். அவர் பேச்சைக் கேட்டுத் தோற்றாள் அல்லவா.

அப்போதுதான் அவர் துள்ளிக் குதித்தார். மொத்தப் புள்ளியில் என் மகளுக்குத்தான் தங்கம். அதுவரை எடுத்த புள்ளியில் இவள்தான் முன்னால் இருந்தாளாம்; மஞ்சள் சட்டைக்காரிக்குப் பின்னால் ஆறு விநாடிக்குள் வந்தால் போதும் என்று அவளிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்.

அவள் முதலில் அவரிடம் போனாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நான் கத்துனது கேக்கலயா?"

"கேட்டுச்சுப்பா. அப்ப முந்தியிருந்தா கடைசி ரவுண்டுல செத்திருப்பேன்."

"ஆறு விநாடின்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க கீழ வந்தாதானே சொல்வாங்க."

சான்றிதழை அவளும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் படம் எடுக்கிறேன் என்று சொல்லி என் கைப்பேசியை எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் அவரை வெட்டிவிட்டுத்தான் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். சான்றிதழின் ஓரத்தில் அவருடைய நாலு விரல் மட்டும் மிஞ்சியது.

சாஆ ஊரிலிருந்து என் தங்கச்சி உடனே கேட்டாள்: "அண்ணே, ஓரத்துல யாரு வெரலு?"

என்னோடது என்று பதில் போட்டேன்.