வாளியில் வந்த அல்லி

மதராஸிலிருந்து போர்ட் பிளேர் வந்த கப்பலில் அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அந்தமானில், பெரார்கஞ்ச் கிராமத்தில் வயல் வைத்திருப்பவர், ஒல்லியான மனிதர். கையில் தகர வாளி. அதற்குள் சொந்த ஊர்க் குளத்துச் சேறும் அல்லிக்கிழங்கும். குடிக்கக் கிடைத்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றுவார். கடல் தெறித்திருக்குமோ என்று அடிக்கடி விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்.

மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லையாம்.

"பெரார்கஞ்ச் வாய்க்கால்லயே அல்லி கிடக்குமே," என்றேன்.

"கிடக்கு சார். அரைச்சுக் குடுத்தோம், கேக்கல. நம்ம ஊர்க் குளத்து அல்லிதான் கேக்கும்ங்கறா. மெயின்லேண்ட் போய்ட்டு வர்றதுக்குள்ள மாசம் ஓடிருச்சு."

போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் கப்பல் கரை சேர்ந்ததும் எல்லோரும் பெட்டியோடு முண்டினார்கள். வழியெல்லாம் நடந்துகொண்டிருந்தவர் மட்டும் கரைக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

"சார், என் மூத்தவன் வந்திருப்பான். நெட்டையா இருப்பான். மொட்டை அடிச்சிருக்கானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எட்டிப் பார்த்தேன். நல்ல மழை. கரையில் நின்ற அத்தனை பேர் தலையிலும் துண்டு.

அதைச் சொன்னேன். அவர் வாளிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பு ஏறல சார்," என்றார்.